எழுதியிருப்பதை மட்டும் செய்யும் மந்திரம்: டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் விதிகளைப் படிக்கும் முறை

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடும் மேசைகளில் அடிக்கடி எழும் ஒரு வழக்கிலிருந்து தொடங்கலாம். கிளெரிக் என்னும் பூசாரி வகைக் கதாபாத்திரத்தை ஆடுகிறவர் ஒருவர், எதிரே நிற்கும் அரக்கனைச் சுட்டி, "தண்ணீர் உண்டாக்கும் மந்திரத்தால் இவனுடைய நுரையீரலை நிரப்புகிறேன், மூச்சுத் திணறிச் சாகட்டும்" என்கிறார். யோசனை கெட்டிக்காரத்தனமானதுதான், முதல் நிலை மந்திரம் ஒன்றால் பெரிய சண்டையையே முடித்துவிடலாம் என்ற ஆசையும் இயல்பானது. ஆனால் அந்த மந்திரத்தின் பாடத்தைப் புரட்டிப் பார்த்தால், 30 அடி எல்லைக்குள் இருக்கும் ஒரு திறந்த கலத்தில் 10 கேலன் வரை, அதாவது ஏறத்தாழ 38 லிட்டர், தூய நீரை உண்டாக்கலாம் என்றுதான் இருக்கிறது. உயிரோடு நிற்பவனின் நுரையீரலை யாரும் திறந்த கலம் என்று சொல்லமாட்டார்கள். ஏவுகிறவருக்கும் இலக்குக்கும் இடையே தடையற்ற வழி இருக்க வேண்டும் என்ற பொது விதியும் குறுக்கே நிற்கிறது. பாடத்தின் அடுத்த வாக்கியமோ, அந்த நீரை 30 அடிக் கனசதுரத்துக்குள் மழையாகப் பெய்வித்து, அங்கே மூடாமல் எரியும் தீயை எல்லாம் அணைக்கலாம் என்கிறது. எதிரிகளின் தீப்பந்தங்களை ஒரே நொடியில் அணைத்து இருளில் தப்பிக்க வழிவிடும் வாக்கியம் அது. நுரையீரலைப் பற்றி வாதாடும் மும்முரத்தில் அதைப் படிக்காமலே விட்டுவிடுகிறோம்.

மந்திரம் தொடர்பான சச்சரவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் பிறக்கின்றன என்பது என் கருத்து. மந்திரத்தின் பெயரைக் கேட்டதும் மனத்தில் ஒரு காட்சி எழுகிறது. அந்தக் காட்சியிலிருந்து விதியை ஊகிக்கிறோம். அச்சிட்ட வாக்கியத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறோம். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, வாக்கியத்தை முதலில் படிக்கப் பழகிவிட்டால், புதிதாக ஆட வருகிறவரும் மூன்று நான்கு அமர்வுகளுக்குள் தன் மந்திரங்களைத் தயங்காமல் கையாளலாம்.

ஆட்டத்தையே அறியாதவர்களுக்குச் சில வரிகள். டஞ்சன் மாஸ்டர் என்று அழைக்கப்படும் ஒருவர் உலகத்தையும் எதிரிகளையும் நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாக அந்த உலகத்துக்குள் முடிவெடுக்கிறார்கள். முடிவு நிச்சயமில்லாத இடங்களில் பகடை உருட்டப்படுகிறது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் உருவாக்கி 1974இல் அமெரிக்காவில் வெளியான இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது. அதன் திருத்தப்பட்ட வடிவம் 2024இல் வந்தது. கீழே நான் விளக்குவது 2014 விதிகளை; 2024இல் குறிப்பிடத்தக்க மாற்றம் இருக்கும் இடங்களை மட்டும் சுட்டுகிறேன். 2014 விதிகளின் அடிப்படைத் தொகுப்பு, 2023 ஜனவரி முதல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் எவரும் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்டிருப்பதால், இங்கே பேசப்படும் மந்திரங்களில் அநேகமாக எல்லாவற்றின் பாடத்தையும் காசில்லாமலே எடுத்துப் படிக்கலாம்.

நிலை என்ற சொல்லும் ஸ்லாட் என்ற கணக்கும்

புதியவர்களை முதலில் தடுமாறவைப்பது 'லெவல்' என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் வருவது. கதாபாத்திரத்தின் நிலை 1 முதல் 20 வரை போகும். மந்திரத்தின் நிலை 1 முதல் 9 வரைதான். மூன்றாம் நிலைக் கதாபாத்திரத்தால் மூன்றாம் நிலை மந்திரத்தை ஏவ முடியும் என்று எண்ணுவது தவறு. விசர்ட் என்னும் மந்திரவாதி ஐந்தாம் நிலையை அடையும்போதுதான் மூன்றாம் நிலை மந்திரங்கள் அவருக்குத் திறக்கின்றன. அந்தக் கட்டத்தில் அவரிடம் முதல் நிலை ஸ்லாட் 4, இரண்டாம் நிலை 3, மூன்றாம் நிலை 2 இருக்கும். ஸ்லாட் என்பதை ஒரு நாளுக்கு அளந்து கொடுத்த ஆற்றல் என்று கொள்ளலாம். ஒரு மந்திரத்தை ஏவினால் ஒரு ஸ்லாட் தீர்ந்துவிடும், பொதுவாக நீண்ட ஓய்வுக்குப் பிறகே திரும்பும். கேன்ட்ரிப் எனப்படும் சிறு மந்திரங்களுக்கு ஸ்லாட் தேவையில்லை.

பழைய பதிப்புகளில், ஆயத்தம் செய்த மந்திரம் ஏவியவுடன் நினைவிலிருந்து அழிந்துவிடும். தீக்கோளம் வீசும் ஃபயர்பால் மந்திரம் இரண்டு முறை வேண்டுமானால் காலையிலேயே இரண்டு முறை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். ஜாக் வான்ஸ் 1950இல் வெளியிட்ட 'தி டையிங் எர்த்' நூலின் மந்திரவாதிகளிடமிருந்து வந்த வழக்கம் அது. ஐந்தாம் பதிப்பு இந்த முடிச்சை அவிழ்த்து, ஆயத்தத்தையும் ஸ்லாட்டையும் தனித்தனிக் கணக்காக்கியது. நுண்ணறிவு எண் 16 உள்ள ஐந்தாம் நிலை விசர்ட் 8 மந்திரங்களை ஆயத்தமாக வைத்திருக்கலாம்; அந்த எட்டில் எதை வேண்டுமானாலும், பொருத்தமான ஸ்லாட் இருக்கும்வரை, எத்தனை முறையும் ஏவலாம். தாழ்ந்த நிலை மந்திரத்தை உயர்ந்த ஸ்லாட்டில் ஏவவும் முடியும்; மூன்று அம்புகள் பாய்ச்சும் மேஜிக் மிஸைல், மூன்றாம் நிலை ஸ்லாட்டில் ஐந்து அம்புகளாகும். பழைய பதிப்பை ஆடியவரும் புதியவரும் ஒரே மேசையில் அமரும்போது வரும் குழப்பத்துக்கு, ஆயத்தம் பற்றிய இந்த மாற்றமே முதற்காரணமாக இருக்கிறது.

தலைப்பகுதியில் கைகளுக்கு உள்ள இடம்

ஒவ்வொரு மந்திரத்தின் பாடத்துக்கும் மேலே, ஏவும் நேரம், எட்டும் தூரம், தேவைகள், நீடிக்கும் காலம் என்று நான்கு வரிகள் இருக்கும். தூரத்தில் குழப்பம் அதிகமில்லை. மற்ற மூன்றிலும் உண்டு.

தேவைகள் மூன்று வகை: உரக்கச் சொல்லும் சொல், கையால் காட்டும் அசைவு, பயன்படுத்தும் பொருள். சொல் தேவைப்படும் மந்திரத்தை, சைலன்ஸ் என்ற மந்திரம் கவிந்த 20 அடி ஆரமுள்ள கோளத்துக்குள் நின்று ஏவ முடியாது; வாயைக் கட்டிவிட்டாலும் முடியாது. அசைவுக்கு ஒரு கை காலியாக இருக்க வேண்டும். பொருளைப் பொறுத்தவரை, ஃபயர்பாலுக்கு வேண்டிய வௌவால் எச்சத்தையும் கந்தகத்தையும் யாரும் தேடி அலைவதில்லை. விலை குறிப்பிடப்படாத, மந்திரத்தால் தீர்ந்துபோகாத பொருள்களுக்குப் பதிலாக ஒரு கோல், படிகம், புனிதச் சின்னம் போன்ற ஒற்றைக் கருவி போதும். விலை குறிப்பிடப்பட்டிருந்தால் அந்தச் சலுகை கிடையாது. இறந்து ஒரு நிமிடத்துக்குள் இருப்பவரை எழுப்பும் ரிவிவிஃபை மந்திரத்துக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரங்கள் வேண்டும், அவை ஏவியவுடன் தீர்ந்தும் போகும். பையில் வைரம் இல்லையென்றால் எவ்வளவு உயர்ந்த கோல் இருந்தும் பயனில்லை.

இனி, இந்த விதிகளிலேயே மிகவும் வாதாடப்படும் இடத்துக்கு வருவோம். ஒரு கிளெரிக் வலக்கையில் கதையும், இடக்கையில் தன் தெய்வத்தின் சின்னம் பொறித்த கேடயமும் வைத்திருக்கிறார். தோழர்களுக்கு வலுவூட்டும் பிளெஸ் மந்திரத்துக்குச் சொல், அசைவு, பொருள் மூன்றும் தேவை. பொருளையோ அதற்கு ஈடான கருவியையோ பிடித்த கையே அசைவையும் காட்டலாம் என்று விதி சொல்வதால், கேடயம் பிடித்த கையாலேயே அவர் பிளெஸ்ஸை ஏவிவிடலாம். அடுத்து, காயம் ஆற்றும் க்யூர் வூண்ட்ஸ் மந்திரத்துக்குச் சொல்லும் அசைவும் மட்டுமே தேவை, பொருள் தேவையில்லை. பொருள் தேவைப்படாத மந்திரத்துக்குக் கருவி பிடித்த கை உதவாது என்பதால், இப்போது அவர் கதையை உறையில் செருகவோ கீழே போடவோ வேண்டும். தேவை குறைவான மந்திரம் கூடுதல் சிரமம் தருகிறதே என்று கேட்கத் தோன்றும். எழுத்துப்படி அதுதான் விதி.

இதை அப்படியே பின்பற்ற வேண்டுமா? என் மேசையில் கிளெரிக்குக்கு இந்தச் சலுகையைக் கொடுத்துவிடுவேன். ஆனால் கொடுப்பதற்கு முன் ஒன்றைப் பார்ப்பேன். ஆயுதமும் கேடயமும் ஏந்தியபடியே அசைவைக் காட்டும் உரிமை, வார் காஸ்டர் என்ற சிறப்புத் திறனின் பயன்களில் ஒன்று; குழுவில் எவராவது அந்தத் திறனைத் தேர்ந்தெடுத்திருந்தால், என் சலுகை அவர் பெற்றதன் மதிப்பைக் குறைத்துவிடும். ஒரு விதியைத் தளர்த்தும்போது அதன்மீது கட்டப்பட்ட வேறு எது சரிகிறது என்று பார்ப்பது டஞ்சன் மாஸ்டரின் கடமை.

சண்டையில் ஒவ்வொருவருக்கும் மாறி மாறி ஒரு முறை வரும்; அதில் ஆக்‌ஷன் என்னும் முதன்மைச் செயல் ஒன்றும், சில வேளை போனஸ் ஆக்‌ஷன் என்னும் கூடுதல் செயல் ஒன்றும் உண்டு. ஏவும் நேரத்தில் கவனிக்க வேண்டியது போனஸ் ஆக்‌ஷன் விதி. ஒரு முறையில் போனஸ் ஆக்‌ஷனாக ஒரு மந்திரத்தை ஏவினால், அதே முறையில் வேறு மந்திரம் ஏவ முடியாது. ஒரு ஆக்‌ஷன் எடுக்கும் கேன்ட்ரிப் மட்டுமே விதிவிலக்கு. ஆகவே மிஸ்டி ஸ்டெப் மந்திரத்தால் 30 அடி தாவிவிட்டு ஃபயர்பால் வீச முடியாது. முதலில் ஃபயர்பால் வீசிவிட்டுத் தாவுவதும் அதே விதியால் தடுக்கப்படுகிறது. ஆனால் ஆக்‌ஷனாக ஃபயர்பாலை ஏவும்போது எதிரி அதைக் கவுன்ட்டர்ஸ்பெல்லால் முறிக்க வந்தால், அந்த முறிப்பை, பிறர் செயலுக்கு உடனே பதில்வினை செய்யும் உங்கள் ரியாக்‌ஷனால் முறிக்க இந்த விதி தடையில்லை, ஏனென்றால் அங்கே போனஸ் ஆக்‌ஷன் மந்திரமே இல்லை. 2024இல் இந்த விதி முழுவதும் மாறி, ஒரு முறையில் மந்திரத்துக்காக ஒரே ஒரு ஸ்லாட்டைத்தான் செலவிடலாம் என்றானது. புதிய விதியின்படி, ஸ்லாட் செலவிட்டு ஃபயர்பாலை ஏவியவர் அதே முறையில் இன்னொரு ஸ்லாட்டால் எதிரியின் முறிப்பை முறிக்க முடியாது. ஒரே கேள்விக்குப் பதிப்புக்கேற்ப இரண்டு நேர்மாறான விடைகள் கிடைப்பதால், வாதம் தொடங்குமுன் எந்த ஆண்டின் புத்தகம் மேசைமேல் இருக்கிறது என்று கேட்டுவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நீடிக்கும் காலத்துக்கான வரியில் 'கான்சன்ட்ரேஷன்' என்ற சொல் இருக்கிறதா என்பதே அந்த மந்திரத்தின் உண்மையான விலையைச் சொல்லும். மனத்தை ஒருமுகப்படுத்தி நிலைநிறுத்த வேண்டிய மந்திரம் ஒருவரிடம் ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்க முடியும். இரண்டாவதைத் தொடங்கினால் முதலாவது அந்தக் கணமே அறுந்துவிடும். ஆனால் கான்சன்ட்ரேஷன் தேவைப்படாத வேறு மந்திரங்களை ஏவுவதும், நடப்பதும், வாள் வீசுவதும் அதைக் கலைக்காது. அடி வாங்கினால் உடலின் தாங்குதிறனை (கான்ஸ்டிட்யூஷன்) வைத்து ஒரு சேவிங் த்ரோ, அதாவது தாக்குப்பிடிக்கும் பகடை வீச்சு, வீச வேண்டும். எட்ட வேண்டிய எண் 10 அல்லது வாங்கிய சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரியதோ அது. 9 புள்ளி சேதம் என்றால் 10. 28 புள்ளி என்றால் 14. கூட்டல் எண் 2 உள்ள ஒரு விசர்ட், இருபது முகப் பகடையில் முதலாவதைத் தாங்க 65 விழுக்காடு வாய்ப்பும், இரண்டாவதைத் தாங்க 45 விழுக்காடு வாய்ப்பும் பெறுகிறார். எதிரியை அசையாமல் கட்டிவைக்கும் ஹோல்ட் பர்சனை ஏவிவிட்டு முன்வரிசையில் நிற்பது எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்தக் கணக்கு காட்டிவிடுகிறது.

பொது விதியும் சிறப்பு விதியும்

புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு கோட்பாடு சொல்லப்பட்டிருக்கிறது: குறிப்பிட்ட விதி ஒன்று பொது விதியோடு மோதினால், குறிப்பிட்டதே வெல்லும். தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது பழகிய பாதை. உயிரீற்றுச் சொல்லை அடுத்து க, ச, த, ப வந்தால் வல்லெழுத்து மிகும் என்று பொதுவாக விதிக்கும் நன்னூல், அதே சூத்திரத்தில் 'விதவாதன' என்ற சொல்லையும் வைத்து, வேறாக விதி கூறப்படாத இடங்களுக்கே இது பொருந்தும் என்று எல்லை கட்டுகிறது. மந்திர விதிகளையும் அந்தக் கண்ணோடுதான் படிக்க வேண்டும். விலக்கு எவ்வளவு அகலத்துக்குச் சொல்லப்பட்டிருக்கிறதோ அவ்வளவுக்குத்தான் பொது விதி விலகும். எஞ்சிய இடத்தில் அது முழு வலிமையோடு நிற்கும்.

சேக்ரட் ஃபிளேம் என்ற கேன்ட்ரிப் இதற்கு நல்ல சான்று. கண்ணுக்குத் தெரியும் ஓர் உயிரின்மீது ஒளித்தழல் இறங்குகிறது. விலகித் தப்பும் சேவிங் த்ரோவுக்கு மறைப்பால் வரும் நன்மை எதுவும் இலக்குக்குக் கிடைக்காது என்கிறது பாடம். எதிரி மூடிய கண்ணாடிச் சாளரத்துக்குப் பின்னால் நிற்கிறான். கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறான். மறைப்பு பயன்படாது என்றுதானே இருக்கிறது, ஆகவே தழல் இறங்கும் என்று ஆட்டக்காரர் வாதிடுவார். ஆனால் விலக்கு சேவிங் த்ரோவுக்கு மட்டும்தான் சொல்லப்பட்டிருக்கிறது. பாதி மறைப்பு அந்த வீச்சுக்கு 2 புள்ளியும், முக்கால் மறைப்பு 5 புள்ளியும் கூட்டுமே, அவைதான் ரத்தாகின்றன. முழு மறைப்புக்குப் பின்னால் இருப்பவரை இலக்காகவே கொள்ள முடியாது என்பது வேறொரு பொது விதி. அதை இந்த வாக்கியம் தொடவில்லை. எழுத்துப்படி பார்த்தால் கண்ணாடி காக்கிறது. ஃபயர்பாலிலோ, தீ மூலைகளைச் சுற்றிப் பரவும் என்ற வாக்கியம் இருப்பதால், தூணுக்குப் பின்னால் ஒளிந்தவரும் அதில் மாட்டிக்கொள்வார். அந்த விலக்கு வேறு அகலம் கொண்டது.

கலைச்சொற்களைப் பற்றியும் ஒரு சொல். 'தாக்குதல்' என்பது பேச்சு வழக்கில் எந்தத் தீங்கையும் குறிக்கலாம். இந்த விதிகளில் தாக்குதல் பகடை வீசப்படும் செயலையே அது அடிப்படையாகக் குறிக்கிறது. சேவிங் த்ரோ கேட்கும் ஃபயர்பால், இருபது பேரை எரித்தாலும், விதியின் பொருளில் தாக்குதல் ஆகாது. இன்விசிபிளிட்டி மந்திரம் 'தாக்கினாலோ மந்திரம் ஏவினாலோ' முடியும் என்று இரண்டையும் தனித்தனியாகக் குறிப்பது அதனால்தான். அதேபோல் 'உயிரி' வேறு, 'பொருள்' வேறு. ஆற்றல் கதிர் வீசும் எல்ட்ரிச் பிளாஸ்ட் என்ற கேன்ட்ரிப், 2014 பாடத்தில் உயிரியை மட்டுமே இலக்காகச் சொல்கிறது, ஆகவே பூட்டிய கதவை அதனால் உடைக்க முடியாது; 2024 பாடம் பொருளையும் சேர்த்துக்கொண்டது.

வருணனை வாக்கியம் வேறு, விதி வாக்கியம் வேறு என்று இந்தப் பதிப்பு கோடு போட்டுப் பிரிக்கவில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். ஃபயர்பால் தன் பரப்பில் எளிதில் தீப்பற்றும் பொருள்களை, ஒருவர் அணிந்தோ சுமந்தோ இருப்பவை நீங்கலாக, எரியவைக்கும் என்ற வாக்கியம் விதியே. ஆகவே தோள்பையில் இருக்கும் ஓலைச்சுருள் தப்பும், மேசைமேல் கிடந்த வரைபடம் எரியும். ஃபயர் போல்ட் என்ற கேன்ட்ரிப்பிலும் இத்தகைய வாக்கியம் உண்டு. இரண்டாம் நிலை மந்திரமான ஸ்கார்ச்சிங் ரேயில் இல்லை! நெருப்புக் கதிர் பட்டும் வைக்கோல் பற்றாதா என்றால், பாடம் அதைத் தானாகத் தருவதில்லை. பற்றுமா என்பதை டஞ்சன் மாஸ்டர் முடிவு செய்யலாம், ஆனால் ஆட்டக்காரர் அதை உரிமையாகக் கேட்க முடியாது.

பாடம் பேசாத இடங்கள்

சில கேள்விகளுக்கு 2014 அடிப்படைப் புத்தகம் விடை சொல்வதே இல்லை. எதிரி மந்திரம் ஏவத் தொடங்குகிறான்; அது என்ன மந்திரம் என்று உங்களுக்குத் தெரியுமா? கவுன்ட்டர்ஸ்பெல்லில் எவ்வளவு பெரிய ஸ்லாட்டைச் செலவிடுவது என்ற முடிவே இதில்தான் தங்கியிருக்கிறது. 2014 பாடத்தின்படி, மூன்றாம் நிலை மந்திரமான அது, செலவிட்ட ஸ்லாட்டின் நிலை வரையிலான மந்திரத்தைத் தானாக முறிக்கும், அதற்கு மேற்பட்டதற்குப் பகடை வேண்டும். 2017இல் வந்த ஒரு துணை நூல் விருப்ப விதி ஒன்றைத் தந்தது: ரியாக்‌ஷன் செலவிட்டு, மந்திர அறிவுக்கான பகடையில் 15உம் அந்த மந்திரத்தின் நிலையும் சேர்ந்த எண்ணை எட்டினால் அடையாளம் காணலாம். இதில் ஓர் இக்கட்டு இருக்கிறது. கவுன்ட்டர்ஸ்பெல்லுக்கும் அதே ரியாக்‌ஷன்தான் வேண்டும். ஒரு சுற்றில் ஒன்றுதான் உண்டு. ஆகவே ஒருவர் அடையாளம் கண்டு சொல்ல, மற்றவர் முறிக்க வேண்டியிருக்கும். எனக்கு இந்த விதி பிடித்திருக்கிறது, இரண்டு மந்திரவாதிகளைச் சேர்ந்து இயங்கவைக்கிறது என்பதால்.

மேஜிக் மிஸைல் எழுப்பும் கேள்வி இன்னும் நுணுக்கமானது. மூன்று அம்புகளும் ஒரே நேரத்தில் தைக்கின்றன என்கிறது அதன் பாடம். சேதம் பல மூலங்களிலிருந்து வந்தால் ஒவ்வொன்றுக்கும் தனியே சேவிங் த்ரோ வீச வேண்டும் என்கிறது கான்சன்ட்ரேஷன் விதி. மூன்றும் ஒரே விசர்ட்டைத் தைத்தால், அவை ஒரு மூலமா, மூன்று மூலங்களா? ஒரே மந்திரம், ஒரே கணம், ஆகவே ஒரு வீச்சு போதும் என்பது ஒரு படிப்பு; ஒவ்வோர் அம்பும் தனியாகச் சேதம் தருவதால் மூன்று வீச்சு என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பாடத்தில் பிடிமானம் இருக்கிறது. நான் மூன்று வீச்சு கேட்கிறேன். முதல் நிலை ஸ்லாட் ஒன்றுக்கு அது பெரிய பலன்தான். ஆனால் ஷீல்டு என்ற முதல் நிலை மந்திரம் அந்த அம்புகளை முழுவதும் தடுத்துவிடுவதால், மாற்று மருந்தும் அதே விலையில் கிடைக்கிறது.

ஆட்டத்தின் நடுவில் இப்படி ஒரு கேள்வி வந்தால், இரண்டு நிமிடங்களுக்குமேல் புத்தகம் புரட்டுவதில்லை என்று நாங்கள் வைத்திருக்கிறோம். டஞ்சன் மாஸ்டர் அப்போதைக்கு ஒரு முடிவைச் சொல்லுவார். அமர்வு முடிந்தபின் பாடத்தை எல்லோருமாகப் படித்து, நிலையான தீர்ப்பை மேசைக்கென்று வைத்திருக்கும் குறிப்பேட்டில் தேதியோடு எழுதிவிடுவோம். மேஜிக் மிஸைலுக்கு மூன்று வீச்சு என்று எழுதியதற்கு அடுத்த வாரமே, எதிர்த்தரப்பு மந்திரவாதி ஒருத்தி, கான்சன்ட்ரேஷனால் பிளெஸ்ஸை நிலைநிறுத்தியிருந்த எங்கள் கிளெரிக்கின்மீது அதே மூன்று அம்புகளையும் ஏவினாள். அவர் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு, மறுபேச்சின்றிப் பகடையை மூன்று முறை உருட்டினார். மூன்றாவதில் பிளெஸ் அறுந்தது.